ஒப்பந்தங்களில் ஒரே சுருக்கம், பல பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பதும், வரைவுகளைப் படித்துக் குறை சொல்வதும் என் பிழைப்பு. பக்கத்துக்குப் பக்கம் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சுருக்கங்கள் வந்து விழும். அவற்றைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றையும், யாரும் கேட்காமல் விட்டதால் வம்பில் முடிந்த சிலவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். சட்ட ஆலோசனைக்கு வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். இது வாசிப்புக்குத் துணை, அவ்வளவே.

ஒரு சுருக்கத்துக்குச் சட்டத்தில் நிலையான பொருள் என்று ஒன்று இருக்கிறதா?

பெரும்பாலானவற்றுக்கு இல்லை. சுருக்கம் என்பது ஒரு தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருப்பவர் அதைப் படித்தால், தன் தொழிலில் பழகிய பொருளைத்தான் அதில் ஏற்றிப் படிப்பார்.

எல்.ஓ.ஐ. என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கும் பேச்சில் அது லெட்டர் ஆஃப் இன்டென்ட், அதாவது விருப்பக் கடிதம். ‘இந்த விலைக்கு வாங்க எண்ணியிருக்கிறோம், ரகசியம் காப்பதும், குறிப்பிட்ட நாள்வரை வேறு யாரிடமும் பேசாதிருப்பதும் தவிர, மற்றவை இரு தரப்பையும் கட்டுப்படுத்தா’ என்ற பாணியில் இருக்கும். கப்பல் துறைக்குப் போனால் அதே மூன்றெழுத்து லெட்டர் ஆஃப் இண்டெம்னிட்டி ஆகிவிடுகிறது. தமிழில் ஈட்டுறுதிக் கடிதம். சரக்கு துறைமுகத்துக்கு வந்துவிட்டது. அதை விடுவித்துக்கொள்ளத் தேவையான பில் ஆஃப் லேடிங்கின் மூலப்படி இன்னும் வங்கிகளுக்கிடையே பயணத்தில் இருக்கிறது. மூலப்படியைப் பார்க்காமல் சரக்கைக் கொடுத்துவிட்டால், நாளை உண்மையான உரிமையாளர் வந்து நிற்கும்போது கப்பல்காரர் மாட்டிக்கொள்வார். அதனால் ‘எங்களிடம் கொடுத்துவிடுங்கள், அதன் காரணமாக உங்களுக்கு எந்த இழப்பு வந்தாலும் நாங்கள் ஈடு செய்கிறோம்’ என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்.

முதல் கடிதம் ‘பார்க்கலாம்’ என்கிறது. இரண்டாவது ‘என்ன வந்தாலும் நான் கட்டுகிறேன்’ என்கிறது. நிறுவனங்களை வாங்கி விற்பதில் பழகிய மேலாளரின் மேசையில், ‘எல்.ஓ.ஐ. ஒன்று கையெழுத்துக்கு இருக்கிறது’ என்ற குறிப்போடு கப்பல் கடிதம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விதிவிலக்கும் உண்டு. ஒப்பந்தம் தானே ஒரு வெளி விதித்தொகுப்பை உள்ளே அழைத்துவந்தால், சுருக்கத்துக்கு அந்தத் தொகுப்பில் உள்ள பொருள் ஒட்டிக்கொள்ளும். சரக்கு விற்பனையில் செலவும் ஆபத்தும் எங்கே யார் தலைக்கு மாறும் என்று சொல்லும், சர்வதேச வர்த்தக சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் அப்படிப்பட்டது. 1936இல் முதல் பதிப்பு வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு. அதில் 11 விதிகள், பதினொன்றுமே மூன்றெழுத்துச் சுருக்கங்கள். ஆனால் ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பதிப்பு என்ற கேள்வி முதலில் வரும், அந்தத் தொகுப்பு பொருந்துமா என்ற கேள்வி அடுத்து வரும்.

ஒரே ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு சுருக்கம் இரண்டு பொருளில் வருமா?

வரும். நான் பட்டதைச் சொல்கிறேன்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைக் கட்டி இயக்கும் ஒப்பந்தம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. இருநூறு பக்கத்துக்கு மேல். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் சி.ஓ.டி. என்றால் வணிக இயக்கம் தொடங்கும் தேதி. பணம், அபராதம், உத்தரவாதக் காலம் எல்லாம் அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். சொற்பட்டியலில் அப்படியே பதிந்து, கணினியிடம் எல்லா இடத்திலும் மாற்றச் சொல்லிவிட்டேன். தொழில்நுட்ப இணைப்பை வேறொருவர் சரிபார்த்தார். அவரும் அவசரத்தில் இருந்தார். தமிழ்ப் படியில் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட்ட பிறகுதான், ஆலைப் பொறியாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு வரியைப் படித்துக் காட்டினார்: ‘வெளியேறும் நீரில் வணிக இயக்கத் தேதி லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.’ நீரில் உள்ள கழிவை அளக்கப் பயன்படும் வேதியியல் ஆக்சிஜன் தேவைக்கும் அதே மூன்றெழுத்துதான். கடையில் வாங்குகிறவருக்கு அது பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பது. நல்லவேளை, அந்த மூன்றாவது பொருள் எங்கள் ஒப்பந்தத்துக்குள் நுழையவில்லை.

இது தனி விபத்து என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலைக் கட்டுமானத்தில் இ.ஓ.டி. என்றால் கால நீட்டிப்பு. இயந்திரப் பட்டியலில் இ.ஓ.டி. என்றால் கூரையடியில் தண்டவாளத்தில் ஓடும் மின் பாரந்தூக்கி. கப்பலை அடமானமாக வைத்து வாங்கும் கடனில் சி.பி. என்பது கடன் வெளிவருவதற்கு முன் நிறைவேற வேண்டிய நிபந்தனை. அந்தக் கப்பலை வாடகைக்கு விட்ட ஒப்பந்தமும் சி.பி.தான். உரம் வாங்கி விற்பவர்களுக்கு டி.ஏ.பி. என்றால் டை அம்மோனியம் பாஸ்பேட். இன்கோடெர்ம்ஸில் அது குறித்த இடத்தில் ஒப்படைப்பு. உரத்தை அந்த முறையில் விற்றால் ‘டி.ஏ.பி., டி.ஏ.பி. முறையில்’ என்று எழுத வேண்டியிருக்கும். அச்சுப்பிழை என்று யாராவது ஒன்றை அடித்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது ஐ.சி.சி. கிரிக்கெட்டை விட்டுவிடுவோம். ஒரே ஒரு சரக்கு விற்பனை ஒப்பந்தத்தில் அது எத்தனை வேஷம் போடும் தெரியுமா? விலை நிபந்தனை ஐ.சி.சி.யின் இன்கோடெர்ம்ஸ்படி; இங்கே அது பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை. தகராறு வந்தால் ஐ.சி.சி. விதிகளின்படி நடுவர் தீர்ப்பு. அதே சபைதான், ஆனால் 1923இல் அது ஏற்படுத்திய நடுவர் மன்றத்தின் விதிகள், வர்த்தக விதிகளோடு தொடர்பில்லாதவை. விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் கடன் கடிதம் ஐ.சி.சி.யின் ஒருங்கிணைந்த விதிகளுக்கு உட்பட்டது. அது மூன்றாவது தொகுப்பு. கடைசியில் காப்பீட்டு ஷரத்து: ‘ஐ.சி.சி. ஏ அல்லது சி.’ இதற்கும் சபைக்கும் உறவே இல்லை. இது லண்டன் காப்பீட்டுச் சந்தையில் உருவான இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ். ஏ என்றால் விலக்கப்பட்டவை போக எல்லா ஆபத்துக்கும் காப்பு. சி என்றால் பெயர் சொல்லப்பட்ட சில பெரிய விபத்துகளுக்கு மட்டும். ஆக, ‘ஐ.சி.சி. விதிகள் பொருந்தும்’ என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி எழுதிய ஒப்பந்தத்தைப் படித்தால், எழுதியவரைப் பிடித்து எதைச் சொன்னீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

இப்படிச் சம்பந்தமே இல்லாத பொருள்கள் வந்தால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடாதா? பிறகு என்ன ஆபத்து?

சரியான கேள்வி. தெரிந்துவிடும். தேதியை மில்லிகிராமில் அளக்க முடியாது என்பதால் என் பிழை சிரிப்போடு போயிற்று.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இதை அழகாகப் பிரித்துவைத்திருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல் இரண்டு வகை: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. ‘மா’ என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் விளங்கும். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். அப்படிப்பட்ட இடத்தில் இன்னதென்று வெளிப்படையாக எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. ஒப்பந்தங்களில் வரும் வரையறைப் பிரிவுக்கு இதைவிடச் சுருக்கமான நியாயத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஆபத்து எல்லாம் ‘மா வீழ்ந்தது’ வகையில்தான். இரண்டு பொருளும் அந்த வாக்கியத்தில் ஒழுங்காகப் பொருந்தும். படிக்கும் இருவரும் தத்தம் பொருளில் திருப்தியாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

அப்படி ஓர் எடுத்துக்காட்டு?

எஃப்.ஓ.பி., அதாவது ஃப்ரீ ஆன் போர்டு. வணிகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரியும் என்று நினைக்கும் சுருக்கம்.

இன்கோடெர்ம்ஸ்படி, குறித்த துறைமுகத்தில் வாங்குபவர் ஏற்பாடு செய்த கப்பலில் சரக்கை ஏற்றியவுடன் ஆபத்து வாங்குபவர் தலைக்கு மாறுகிறது. கடல் வழிக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டுமே உரிய விதி அது. முன்பெல்லாம் கப்பலின் கைப்பிடிச் சுவரைச் சரக்கு கடக்கும் கணத்தை எல்லையாக வைத்திருந்தார்கள். பாரந்தூக்கியில் தொங்கும் பெட்டி சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வாதாடும் நிலை. 2010 பதிப்பில் அதைக் கைவிட்டார்கள்.

அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பைத் திறந்தால் அதே மூன்றெழுத்துக்கு வேறு பொருள். அங்கே கப்பல் கட்டாயமில்லை. லாரி, ரயில் எதுவானாலும் சரி. எஃப்.ஓ.பி. என்பதற்குப் பின்னால் எழுதப்படும் இடத்தின் பெயர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அனுப்பும் ஊரின் பெயர் இருந்தால், அங்கே வண்டிக்காரரிடம் ஒப்படைத்ததும் விற்பவரின் ஆபத்து முடிகிறது. சேரும் ஊரின் பெயர் இருந்தால், அந்த ஊர் வரைக்கும் செலவும் ஆபத்தும் விற்பவருடையவை. 1941இல் அமெரிக்க வர்த்தகர்கள் திருத்தி வெளியிட்ட வரையறைகளில் இந்த ஒரு சுருக்கத்துக்கே ஆறு வகைகள் இருந்தன.

இப்போது ஒரு விலைப்பட்டியலில் ‘எஃப்.ஓ.பி.’ என்பதற்குப் பின் வாங்குபவரின் ஊர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி பாதிவழியில் கவிழ்கிறது. அமெரிக்கப் பழக்கத்தில் வளர்ந்த வாங்குபவர் ‘சரக்கு இன்னும் உங்களுடையது’ என்கிறார். இன்கோடெர்ம்ஸில் வளர்ந்த விற்பவர் ‘ஏற்றி அனுப்பியதும் என் வேலை முடிந்தது’ என்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை.

பக்கவாட்டில் ஒன்று. கன்டெய்னரைத் துறைமுக முனையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கும் வணிகத்துக்கு இன்கோடெர்ம்ஸின் எஃப்.ஓ.பி. ஏற்றதல்ல, போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைப்பதோடு முடியும் எஃப்.சி.ஏ.தான் சரி என்று சர்வதேச வர்த்தக சபையே சொல்லி வருகிறது. வணிகர்கள் கேட்பதாக இல்லை.

டி.பி.ஏ. என்று போட்டுவிட்டால் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா?

அந்த ‘பிறகு’வில்தான் வம்பு இருக்கிறது. அதை ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று விரிக்கலாம், ‘பின்னர் ஒப்புக்கொள்ளப்படும்’ என்றும் விரிக்கலாம். அறிவிக்கப்படும் என்றால் ஒரு தரப்பு அறிவிக்கும், மற்றது ஏற்கும்; ஒப்பந்தம் நிற்கும். ஒப்புக்கொள்ளப்படும் என்றால் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை என்று பொருள். விலை போன்ற முக்கியமான இடத்தில் அப்படி விட்டால் ஒப்பந்தமே இல்லை என்று தீர்ப்பாகலாம். முதல் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய கூடாரத் துணிகளை பிரிட்டிஷ் அரசிடமிருந்து வாங்கிய வழக்கில் விலை அவ்வப்போது ஒப்புக்கொள்ளப்படும் என்று எழுதியிருந்தது. ஒப்பந்தம் உருவாகவே இல்லை என்று, அந்நாளில் பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. மே அண்ட் பட்சர் வழக்கு என்று இதைச் சட்ட மாணவர்கள் படிப்பார்கள்.

அளவோ விலையோ தேதியோ இருக்க வேண்டிய கட்டத்தில் இந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் நான் சிவப்பு மையை எடுத்துவிடுவேன்.

மிகவும் பழகிய சுருக்கத்தையுமா விரித்து எழுத வேண்டும்? என்.டி.ஏ. தெரியாதவர் யார்?

எல்லோருக்கும் தெரியும்: ரகசியக் காப்பு ஒப்பந்தம். மருந்து உரிமங்களில் பழகியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் புதிய மருந்துக்கு அனுமதி கேட்டுப் போடும் விண்ணப்பத்துக்கும் என்.டி.ஏ. என்றே பெயர். ‘என்.டி.ஏ. ஏற்கப்பட்ட 30 நாள்களுக்குள் முதல் தவணை’ என்று மருந்து உரிம ஒப்பந்தத்தில் எழுதினால், ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து எண்ணத் தொடங்கும் கணக்காளர் கிடைக்காமல் போக மாட்டார். விண்ணப்பம் ஏற்கப்பட அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பிடிக்கலாம்.

எண்களுக்குப் பின்னால் வரும் ஓரெழுத்துச் சுருக்கங்கள் பாதுகாப்பானவைதானே?

அவைதான் மோசம். எம் என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானிய எண்ணில் அது ஆயிரம். இயற்கை எரிவாயுத் தொழில் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை: அங்கே ஓர் எம் என்றால் ஆயிரம், இரண்டு எம் என்றால் ஆயிரம் மடங்கு ஆயிரம், அதாவது பத்து லட்சம். மற்ற இடங்களில் ஓர் எம் போட்டாலே மில்லியன். தொகைக்குப் பின் ஒற்றை எம் நின்றால் ஆயிரம் மடங்கு வித்தியாசத்துக்கு இடம் இருக்கிறது.

டன் விஷயத்தில் தமிழில் எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். மெட்ரிக் டன் 1,000 கிலோ. 2,240 பவுண்டு எடையுள்ள நீள் டன் ஏறக்குறைய 1,016 கிலோ. 2,000 பவுண்டு எடையுள்ள குறு டன் ஏறக்குறைய 907 கிலோ. 10,000 டன் சரக்கில் நீளுக்கும் குறுவுக்கும் இடையே சுமார் 1,089 மெட்ரிக் டன் காணாமல் போகும். எடைபோடும் இயந்திரம் பிழை செய்யாது. ஒப்பந்தத்தில் ‘டன்’ என்று மட்டும் எழுதியவர்தான் பிழை செய்தவர்.

சுருக்கெழுத்து என்று இவற்றைச் சொல்லலாமா?

வேண்டாம். சுருக்கெழுத்து என்றால் ஷார்ட்ஹேண்ட்.

தகராறு நீதிமன்றம் வரை போனால், எந்தப் பொருள் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

முதலில் அகராதியைப் பார்ப்பதில்லை, ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சுருக்கம் வேறு எந்தெந்த ஷரத்துகளில் வருகிறது, பக்கத்தில் என்ன சொற்கள் இருக்கின்றன, எந்தப் பொருளை எடுத்தால் ஒப்பந்தம் முழுவதும் ஓடும், எதை எடுத்தால் ஒரு ஷரத்து அபத்தமாகும் என்று பார்ப்பார்கள். அதிலும் தெளியாவிட்டால் வெளிச் சான்று.

2024 வரை நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 98ஆவது பிரிவு சுருக்கங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது: தொழில் வழக்கு, வட்டார வழக்கு, சுருக்கம் ஆகியவற்றின் பொருளைக் காட்டச் சான்று கொடுக்கலாம். அதற்குத் தந்த எடுத்துக்காட்டு சுவையானது. ஒரு சிற்பி ‘என் மாட்ஸ் அனைத்தையும்’ விற்பதாக ஒப்புக்கொள்கிறார். அவரிடம் மாடல்களும் இருக்கின்றன, மாடலிங் கருவிகளும் இருக்கின்றன. எதை விற்க நினைத்தார் என்று காட்டச் சான்று அனுமதிக்கப்படும். இது வெறும் கற்பனையும் இல்லை. லண்டன் சிற்பி ஜோசப் நாலகன்ஸ் 1823இல் இறந்தபோது விட்டுச்சென்ற உயில் இணைப்பில் இருந்த ‘மாட்’ என்ற சொல்லுக்காக உண்மையிலேயே வழக்கு நடந்தது. முதலில் ஒரு தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டில் அது மாறியது.

நாடு கடந்த சரக்கு விற்பனைக்கு 1980ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை பொருந்தும் இடங்களில், மறுதரப்பின் இடத்தில் அதே துறையைச் சேர்ந்த நியாயமான ஒருவர் இருந்திருந்தால் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்பதே அளவுகோல். அந்தத் தொழிலில் பரவலாக அறியப்பட்ட வழக்கங்களும் கணக்கில் வரும்.

எல்லாம் செய்தும் இருட்டு விலகாவிட்டால், எழுதிக் கொடுத்தவருக்கு எதிரான பொருளை எடுப்பது என்ற பழைய கொள்கை ஒன்று இருக்கிறது. ‘நான்தான் வரைவு எழுதினேன், அதனால் நான் சொல்வதுதான் பொருள்’ என்று யாராவது மார்தட்டினால், இதைச் சொல்லுங்கள்.

விரிவு என்ன என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. அப்போதும் தகராறு வருமா?

விபான் வழக்கைப் பாருங்கள். கப்பல் வாடகை ஒப்பந்தங்களில் வரும் ஐந்தெழுத்துச் சுருக்கம் அது. ‘தளத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்பது விரிவு. தளம் என்றால் இங்கே துறைமுகத்தில் கப்பலைக் கட்டிச் சரக்கை ஏற்றி இறக்கும் இடம். கப்பல் தளம் சேராமல் துறைமுகத்தில் காத்துக் கிடந்தாலும் ‘தயார்’ என்று அறிவிப்புக் கொடுக்கலாம், சரக்கேற்ற இறக்கத்துக்கான நேரம் ஓடத் தொடங்கும். கைசிகோஸ் என்ற கப்பல் ஹூஸ்டன் துறைமுகத்துக்கு வந்தது. தளம் காலியாகத்தான் இருந்தது. மூடுபனியால் அங்கே போக முடியவில்லை. கப்பல்காரர் ‘தளத்தில் இல்லாவிட்டாலும் என்றுதானே எழுதியிருக்கிறது’ என்றார். விரிவை எழுத்துக்கு எழுத்து படித்தால் அவர் சொல்வது சரி. ஆனால் பிரபுக்கள் சபை வேறு மாதிரி தீர்ப்பளித்தது: தளம் காலியில்லாமல் காத்திருக்கும் நிலைக்காகவே அந்தச் சுருக்கம் தொழிலில் வளர்ந்து வந்திருக்கிறது, காலியாக இருந்தும் வானிலையால் போக முடியாத நிலையை அது தொடாது.

விரிவு தெரிந்தால் பொருள் தெரிந்துவிட்டது என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த வழக்கைத்தான் நான் சொல்வேன்.

அப்படியானால் வரையறைப் பிரிவில் எழுதிவிட்டால் கவலை இல்லை?

முக்கால்வாசிக் கவலை போகும். மிச்சம் அந்த வரையறையின் இலக்கணத்தில் இருக்கிறது. சார்ட்புரூக் – பெர்சிமன் வழக்கில் ஏ.ஆர்.பி. என்ற சுருக்கம் ஒழுங்காக விரிக்கப்பட்டு, வரையறுக்கப்பட்டும் இருந்தது: வீடுகள் விற்ற விலையை வைத்து நில உரிமையாளருக்குச் சேர வேண்டிய கூடுதல் தொகை. வரையறை ஒரே நீண்ட வாக்கியம். 23.4 சதவீதம் எதன் மேல் என்பதை இரண்டு விதமாகப் படிக்க முடிந்தது. ஒரு விதத்தில் 44,84,862 பவுண்டு. இன்னொரு விதத்தில் 8,97,051 பவுண்டு. 2009இல் பிரபுக்கள் சபை சிறிய தொகையின் பக்கம் நின்றது. வாக்கியத்தை இரண்டாக உடைத்து, கூடவே ஒரு கணக்கையும் போட்டுக் காட்டியிருந்தால் அந்த வழக்குக்கே வேலை இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

சுருக்கங்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் குழப்பம் குறையுமா, கூடுமா?

கூடும். தமிழில் எழுதுகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம்.

நம் எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே வரிவடிவம். அதனால் ஆங்கிலத்தில் வேறு வேறாக நிற்கும் எழுத்துகள் (T-யும் D-யும், P-யும் B-யும்) தமிழில் ஒன்றாகிவிடும். பி.ஓ. என்று எழுதினால் அது கொள்முதல் ஆணையா, நிறுவனத்தின் இறுதிப் பயனுரிமையாளரா? எல்.டி. என்பது முன்கூட்டி நிர்ணயித்த இழப்பீடா, நீண்ட காலம் என்பதா? மேலே சொன்ன கால நீட்டிப்பின் இ.ஓ.டி.யோடு ‘நாள் முடிவு’ என்பதன் இ.ஓ.டி.யும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றில் என்னைத் தூங்கவிடாதது டி.டி. வங்கிகளுக்கிடையே நேரடியாகப் பணம் மாற்றும் தந்திவழிப் பரிமாற்றமும் தமிழில் டி.டி.தான். வங்கியில் எடுத்துக் கையில் கொடுக்கும் வரைவோலையும் டி.டி.தான். ‘தொகை டி.டி. மூலம் செலுத்தப்படும்’ என்ற ஷரத்தில் இரண்டுமே கச்சிதமாகப் பொருந்தும். ஒன்றில் பணம் கணக்கில் விழுந்த நேரம் பதிவாகிறது. மற்றொன்றில் காகிதம் கைக்கு வந்த நாளா, காசாக்கிய நாளா என்ற கேள்வி எழுகிறது. தாமத வட்டி அந்த நாளைப் பொறுத்தது. மூலத்தில் வராத ஐயம், மொழிபெயர்ப்பில் நாம் உண்டாக்கியது.

அதனால் தமிழ்ப் படியில் நான் சுருக்கத்தை எழுதுவதையே குறைத்துக்கொண்டேன். வரைவோலை, கால நீட்டிப்பு, கொள்முதல் ஆணை என்று முழுச் சொல்லைப் போடுகிறேன். பக்கம் கொஞ்சம் நீளும், நீளட்டும். இரு மொழிப் படிகள் முரண்பட்டால் எது செல்லும் என்ற ஷரத்து இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுவேன்.

எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பதும் சாய்கோடு போடுவதும் பொருளை மாற்றுமா?

மாற்றாது. ஒரே ஆவணத்தில் இரண்டு விதமாக எழுதினால், இரண்டும் வேறு வேறு என்று வாதிட ஒருவர் வருவார்.

வரைவு எழுதும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

முழு ஆவணத்தையும் எழுதி முடித்த பிறகு, சுருக்கங்களை மட்டும் தனியே தேடி எடுத்து ஒரு தாளில் எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வரும் பக்கங்கள். மூன்று தடவைக்குக் குறைவாக வந்தால் சுருக்கமே தேவையில்லை, விரித்துவிடுவேன். இரண்டு பொருளில் வருவதாகத் தெரிந்தால் ஒன்றுக்கு வேறு பெயர் சூட்டுவேன். சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று வேறுபடுத்தும் தந்திரம் தமிழில் செல்லாது, ஆங்கிலத்திலும் அதை நான் நம்புவதில்லை.

இணைப்புகள்தான் நோயின் ஊற்று. முதன்மை ஒப்பந்தத்தை வழக்கறிஞர் எழுதுகிறார், தொழில்நுட்ப இணைப்பைப் பொறியாளர் எழுதுகிறார், விலை அட்டவணையைக் கணக்காளர் எழுதுகிறார். மூவரும் ஒரே மேசையில் உட்காருவதே இல்லை. வரையறைகள் இணைப்புகளுக்கும் பொருந்துமா, முரண்பட்டால் எது மேலோங்கும் என்று ஒரு வரி எழுதுவேன். வெளி விதித்தொகுப்பைக் குறிப்பிட்டால் பதிப்பின் ஆண்டையும் சேர்ப்பேன். கணினியிடம் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று சொல்வதை விட்டுவிட்டேன். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

கையெழுத்துப் போட்ட பிறகு குழப்பம் கண்ணில் பட்டால்?

தகராறு வருவதற்கு முன்பே, இரு தரப்பும் நல்ல உறவில் இருக்கும்போதே, ஒரு விளக்கக் கடிதம் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. இந்தச் சுருக்கம் இந்த ஷரத்துகளில் இதைக் குறிக்கிறது, மூல ஒப்பந்தத் தேதியிலிருந்தே அப்படித்தான் என்று எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் திருத்தத்துக்கு என்று தனி முறை சொல்லியிருந்தால் அதன்படி செய்ய வேண்டும். மின்னஞ்சலில் ‘சரி, புரிந்தது’ என்று பதில் வாங்குவது போதாமல் போகலாம்.

அதுவரை சும்மா இருக்கலாம் என்று மறுதரப்பின் பொருள்படியே பணம் கட்டிக்கொண்டோ சரக்கு அனுப்பிக்கொண்டோ இருக்காதீர்கள். கையெழுத்துக்குப் பிந்தைய நடத்தையையும் வைத்துப் பொருள் காணலாம் என்கிறது வியன்னா உடன்படிக்கை. இங்கிலாந்துச் சட்டம் பொதுவாக அதைப் பார்ப்பதில்லை. உங்கள் ஒப்பந்தம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரியாமல் துணிய வேண்டாம். கட்டியே ஆக வேண்டிய நிலை என்றால், உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறோம் என்று ஒரு கடிதத்தோடு கட்டுங்கள்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அப்படி ஒரு திருத்தக் கடிதம்தான் எழுதினோம், தமிழ்ப் படியில் எந்தெந்த இடத்தில் தேதி, எந்தெந்த இடத்தில் ஆக்சிஜன் தேவை என்று பக்க எண்களோடு. அதன் முதல் வரைவு என் பார்வைக்கு வந்தபோது கடைசி வரியில், ‘இத்திருத்தங்கள் சி.ஓ.டி.யிலிருந்து 30 நாள்களுக்குள் நடைமுறைக்கு வரும்’ என்று இருந்தது.